லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில், குரோட்டன் வேலிக்குள்ளே, முழங்கால் உயரத்தில் ஒரு செம்புக் குழாய் நட்டிருக்கும். காலையில் கிளாக்கரையா குடையோடு வருவார். குழாய்க்குள் சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெரிய நோட்டில் ஓர் எண்ணை எழுதிக்கொள்வார். எந்த மலைக்கு உரம் போடலாம், கொழுந்து எப்போது திரளும் என்பதற்கெல்லாம் அந்தக் கணக்கு வேண்டும். அந்த எண் ஆபீஸ் படியைத் தாண்டி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கி வந்ததாக எனக்கு நினைவில்லை. லயத்தில் மழைக்கு வேறு அளவு. அப்பா கான், அதாவது மலையில் தண்ணீர் வடியும் வாய்க்கால், வெட்டுகிறவர். "நேத்து ராத்திரி ஆறாம் நம்பர் கான் ரொம்பி வழிஞ்சிருக்கு" என்று அவர் சொன்னால் பெரிய மழை. அம்மாவுக்கு, பின்பக்கத்து மண்மேட்டிலிருந்து அடுப்படிக்குள் சிவப்புத் தண்ணீர் வந்தால் பெரிய மழை.

இலங்கை மலையகத்து மண்சரிவுக் கதையில் பாதி, இந்த இரண்டு கணக்கும் ஒன்று சேராமல் போனதில் இருக்கிறது. மீதிப் பாதி, ஒன்று சேர்ந்த பிறகும் போவதற்கு இடமில்லாததில்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் எளிமையானவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்து, மழை இன்னும் விடாமல் இருந்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும். வானொலியில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வாசிப்பது இந்தப் படிகளைத்தான். பழைய துரைமார் கணக்கில் சொன்னால் 3 அங்குலம், 4 அங்குலம், 6 அங்குலம்.

மில்லிமீற்றரில் கேட்கும்போது எல்லாம் சின்னதாகத்தான் தெரியும். ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் தண்ணீர். ஓர் ஏக்கர் தேயிலையில் 150 மில்லிமீற்றர் விழுந்தால் சுமார் 6 இலட்சம் லீற்றர், அதாவது 600 தொன். 6,000 லீற்றர் தண்ணீர் பவுசர்கள் 100 வரிசையாக வந்து, ஒரே நாளில் அந்த ஏக்கரில் கவிழ்த்துவிட்டுப் போனது மாதிரி. லயத்துக்கு மேலே ஓர் ஏக்கரோடு மலை முடிந்துவிடுவதில்லை. உச்சிவரை ஐம்பது, நூறு ஏக்கர் இருக்கும் இடங்களும் உண்டு. அத்தனையும் கீழே வந்தாக வேண்டும். ஓடையாக வந்தால் தப்பித்தோம். மண்ணுக்குள் இறங்கினால்தான் வினை.

மலை என்றவுடன் பாறை என்று நினைக்கிறோம். மத்திய மலைநாட்டின் அடியில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள உருமாறிய பாறைதான். ஆனால் நாம் வீடு கட்டியிருப்பதும் தேயிலை நட்டிருப்பதும் அந்தப் பாறையின் மேல் இல்லை. வெயிலும் மழையும் காலங்காலமாக அரித்து, பாறையின் மேற்பகுதி உளுத்து மண்ணாகிவிட்டது. சில இடங்களில் அந்த மண் பல மீற்றர் ஆழம். அதற்கும் மேலே, முன்னொரு காலத்தில் உச்சியிலிருந்து சரிந்து வந்து அடிவாரத்தில் தங்கிவிட்ட மண்ணும் கல்லும் கலந்த குவியல். ஆட்கள் வருவதற்கு முன்பே விழுந்த மண்சரிவுகளின் மிச்சம் அது.

சரிவில் மண் நிற்பது, துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதால். இடைவெளிகளில் காற்று இருக்கும்வரை பிடி கெட்டி. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, கீழே பாறையில் முட்டி, போக வழியில்லாமல் நிறைய ஆரம்பித்தால் அந்தத் தண்ணீரின் அழுத்தம் துகளைத் துகளிடமிருந்து தூக்கிவிடுகிறது. ஒரு பக்கம் பாரம் ஏறுகிறது, இன்னொரு பக்கம் பிடி விடுகிறது. இதனால்தான் ஒரு நாள் மழையைவிட அதற்கு முன் பெய்த பத்து நாள் மழை முக்கியம். ஏற்கனவே ஊறிப்போன மண்ணுக்கு 150 தேவையில்லை, அதற்கும் குறைவாகவே போதும். இதனால்தான் மழை விட்டு வெயில் அடிக்கிற காலையிலும் மண் சரிகிறது. மேலே விழுந்த தண்ணீர் மண்ணுக்குள் நடந்து கீழே வர நேரம் எடுக்கும். "மழைதான் விட்டுருச்சே" என்று முகாமிலிருந்து முதல் ஆளாகத் திரும்பி வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு விஷயம். அந்தப் பழைய சரிவுக் குவியல் இருக்கிறதே, அது மலையின் நடுவில் கொஞ்சம் மட்டமான தட்டாக அமைந்திருக்கும். அதன் விளிம்பில் ஊற்று இருக்கும். கோடையிலும் வற்றாது. லயம் கட்ட இடம் தேடிய துரைக்கு என்ன வேண்டும்? கொஞ்சம் மட்டமான நிலம், பக்கத்தில் தண்ணீர், தேயிலைக்குத் தோதில்லாத மண். மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. நாங்கள் குளித்த பீலி, குடித்த ஊற்று, விளையாடிய மட்டம் எல்லாம் முன்பு ஒருமுறை சரிந்த மலையின் வயிற்றில் இருந்தவை என்று, வளர்ந்து வெளியே வந்து படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எல்லாச் சரிவும் ஒரே மாதிரி வருவதில்லை. மலையின் ஒரு துண்டே மரத்தோடும் செடியோடும் ஆழத்திலிருந்து பெயர்ந்து வருவது ஒன்று. ஓடை வழியாகச் சேறும் கல்லும் குழம்பாக, ஆள் ஓடுவதைவிட வேகமாகப் பாய்வது இன்னொன்று. பாறை உருண்டு வருவதும் உண்டு. பத்திரிகையில் படம் வருவது இவற்றுக்குத்தான். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் சத்தமில்லாமல் ஒன்று இரண்டாக உயிரை வாங்குவது வீட்டுக்குப் பின்னால் வெட்டிவிட்ட மண்மேடு. செங்குத்தாக வெட்டிய மண், தாங்குவதற்குச் சுவர் கிடையாது, தண்ணீர் வடிய வழியும் கிடையாது. இரவில் தூங்கும்போது அடுப்படிச் சுவரோடு சேர்த்து உள்ளே விழும்.

அந்த மேட்டை யார் வெட்டினார்கள் என்று கேட்டால் பதில் சங்கடமானது. காம்பரா என்ற ஒற்றை அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்ற சின்னத் திண்ணை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவனுக்கு எங்கே இடம்? பக்கவாட்டில் அடுத்த வீட்டுக்காரர். முன்னால் பாதை. மிச்சம் இருப்பது பின்பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்கி, மேட்டை நாலடி உள்ளே குடைந்து, தகரம் போட்டு, அடுப்படியை அங்கே தள்ளி, பழைய அடுப்படியைப் புது ஜோடிக்குக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அக்காவுக்கு இடம் விட அப்பா வெட்டினார். மலையெல்லாம் கான் வெட்டி மண்ணைக் காத்தவர், தன் வீட்டுக்குப் பின்னால் மலையின் காலை வெட்டினார். வேறு வழி இருந்திருந்தால் வெட்டியிருக்க மாட்டார். அவருக்கு மண் தெரியும்.

தேயிலை வேர் மண்ணைப் பிடிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. பிடிக்கும், ஓரளவுக்கு. விதையிலிருந்து வளர்த்த பழைய தேயிலைக்கு ஆணிவேர் ஆழமாகப் போகும். வெட்டிய தண்டிலிருந்து வளர்க்கும் வீ.பி. தேயிலைக்கு ஆணிவேர் கிடையாது. ஆனால் பத்து மீற்றர் ஆழத்தில் தொடங்கும் சரிவுக்கு இரண்டும் ஒன்றுதான். செடி நட்டபடியே, வரிசை குலையாமல், மலையோடு சேர்ந்து நகர்ந்து வரும்.

எப்போது பயப்பட வேண்டும் என்பது மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மேற்கே கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுத்தான் பெரிய மழை. வட்டவளைச் சுற்றுவட்டாரம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் நாட்டின் மிக ஈரமான பகுதி. 1992 ஜூனில் அங்கே மண் நகர்ந்து ரயில் பாதையையே கொண்டுபோனது. பதுளை, பசறை, லுணுகலை, கொஸ்லந்தை என்று கிழக்கே ஊவாப் பக்கம் போனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்று ஊரில் சொல்வது அப்படியே பொருந்தும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று சேர்ந்துகொள்ளும். தீபாவளியும் அதே காலத்தில்தான் வருகிறது.

2014இல் தீபாவளி ஒக்டோபர் 22. சரியாக ஒரு வாரம் கழித்து, 29ஆம் திகதி புதன்கிழமை காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டிருந்த நேரம். 60க்கும் மேற்பட்ட லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பிய பிள்ளைகளுக்கு வீடு இருந்த இடம் தெரியவில்லை. முதல் நாள் நூற்றுக்கணக்கில் பேசப்பட்ட எண்ணிக்கை பிறகு குறைந்துகொண்டே வந்தது. பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. எத்தனை பேர் என்று உடனே சொல்ல முடியாமல் போனதே ஒரு செய்தி. ஒரு காம்பராவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதற்கு, செக்ரோல் என்ற தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில் பேர் உள்ளவர்களைத் தாண்டி, ஒழுங்கான பட்டியல் எங்கே இருக்கிறது?

மீரியபெத்தையைப் பற்றி எழுதும்போது எல்லாரும் தொடும் இடம் ஒன்று உண்டு. நானும் தொட்டுத்தான் ஆக வேண்டும். அந்த இடம் ஆபத்தானது, மக்களை மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அதாவது அங்கே நடந்ததை எதிர்பாராத விபத்து என்று சொல்ல முடியாது. மண்சரிவு ஆபத்து வரைபடத்தில் குறித்த இடத்தில், குறித்த பருவத்தில், குறித்த மாதிரி நடந்தது. எச்சரிக்கைக்கும் சரிவுக்கும் இடையில் ஒன்பது வருடம் இருந்தது. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தங்க வைக்கப்பட்டு, புது வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்தார்கள்.

அந்தப் படம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1986 ஜனவரி, 1989 என்று அடுத்தடுத்து வந்த பெரும் சரிவுகளுக்குப் பிறகு, 1990இல் ஐக்கிய நாடுகள் உதவியோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு ஆபத்து வரைபட வேலை தொடங்கியது. பிறகு கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை என்று விரிந்தது. சரிவின் கோணம், அடிப்பாறை, மேல்மண்ணின் தடிப்பு, நில அமைப்பு, தண்ணீர் ஓடும் வழி, நிலத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற ஆறையும் சேர்த்து, எந்த இடம் எவ்வளவு ஆபத்து என்று நிறம் தீட்டினார்கள். நல்ல வேலை. இந்தப் பிராந்தியத்தில் பல நாடுகளுக்கு முன்பே செய்த வேலை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் படத்தில் சிவப்பாக இருக்கும் இடத்தில் ஒரு லயம் இருந்தால் அதை யார் மாற்றுவது?

இங்கேதான் முடிச்சு. கிராமத்தில் காணி சொந்தமானவருக்கு, அபாய இடத்திலிருந்து வெளியேற வீட்டுக்கு 12 இலட்சம், காணி வாங்க 4 இலட்சம் என்று 2016, 2017 அழிவுகளுக்குப் பிறகு அரசாங்கம் உதவித் திட்டம் வைத்தது. அந்தத் தொகை போதுமா என்பது வேறு விஷயம். அவர் போய் ஒரு காணி தேடலாம். லயத்தில் இருப்பவருக்கு வீடும் சொந்தமில்லை, அடியில் உள்ள காணியும் சொந்தமில்லை. காணி அரசுடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில், குத்தகைக்கு. சின்னக் காணித் துண்டொன்றைப் பிரித்துக் கொடுக்கக் கம்பனி, அமைச்சு, பிரதேச செயலகம் எல்லாம் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அந்தத் துண்டு பாதுகாப்பானதா என்று ஆய்வு அறிக்கை வேண்டும். பிரதேச சபை தோட்டத்துக்குள் வந்து பாதை போடவும் கான் கட்டவும் முடியாமல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு மறித்திருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. இத்தனை வாசல்களுக்கு நடுவில், மண் தன் பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கும்.

நாட்டின் மண்சரிவுகளில் செத்தவர்கள் எல்லாரும் லயத்துக்காரர்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. 2016 மே 17ஆம் திகதி, மூன்று நாளில் 400 மில்லிமீற்றருக்கு மேல் பெய்த பிறகு, கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை பிளந்து சிங்களக் கிராமங்களைக் கொண்டுபோனது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் நூற்றுக்கு மேல். அதே நாளில் அதே மாவட்டத்தில் புளத்கொஹுபிட்டிய களுபஹனைத் தோட்டத்தில் லயன் வீடுகள் புதைந்து 16 பேர் போனார்கள். மலை மொழி பார்க்கவில்லை. எச்சரிக்கை மட்டும் சில வேளை பார்க்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது அறிவிப்புகள் தமிழில் பிந்தித்தான் வந்தன, சில வரவேயில்லை என்ற குறை மலையகம் முழுக்கக் கேட்டது. 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறிய அந்தப் புயல் மெதுவாக நகர்ந்து, மலைநாட்டின் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கண்டி மாவட்டத்தில்தான் அதிகம். பதுளையும் நுவரெலியாவும் கடுமையாக அடிபட்டன. உயிர்களில் பெரும்பங்கை எடுத்தது காற்று இல்லை, மண்தான். பாதை போனது, கரண்ட் போனது, அதோடு போனும் போனது. வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கையை நம்பியிருந்த இடங்களில் அந்த இரவில் எதுவுமே வரவில்லை.

எச்சரிக்கை வந்தால் மட்டும் போதுமா? பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், சிவப்பு எச்சரிக்கை போட்டிருந்த நாளில், இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஓர் அம்மாவிடம் ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டேன்.

"எங்க போறது தம்பி? போன மாசம் ரெண்டு தரம் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஒரு கல்லுகூட விழல. திரும்பி வந்து பாத்தா கோழி ரெண்டக் காணோம்."

"இந்தத் தடவை விழுந்தா?"

"விழுந்தா விழட்டும்னு சொல்லுவேனா? ராத்திரிக்குக் கோயிலுக்குப் போயிருவோம். பகல்ல வேலைக்குப் போகலேன்னா பேர் இல்ல. மாடு வேற கெடக்கு."

இதை அறியாமை என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுத மாட்டேன். அவர் கணக்குப் போட்டுத்தான் பேசுகிறார். எச்சரிக்கை வெளியாவது பிரதேச செயலகப் பிரிவு அளவில். ஒரு பிரிவுக்குள் நூற்றுக்கணக்கான சரிவுகள், அதில் சிவப்பு நாளொன்றில் விழுவது ஒன்றோ இரண்டோ. மற்ற எல்லா லயத்துக்கும் அன்றைய எச்சரிக்கை பொய்யாகத்தான் தெரியும். மூன்று தரம் பொய்யானால் நாலாம் தரம் யார் பாய் சுருட்டுவார்? பேர் என்ற அன்றைய சம்பளமும் கோழியும் மாடும் நிச்சயமான நட்டம்; சரிவு நிச்சயமில்லை. இந்தத் தராசைச் சாய்க்க வேண்டுமென்றால் எச்சரிக்கையின் சத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. வெளியேறும் நாளுக்குப் பேர் போட வேண்டும், மாட்டுக்கு ஒரு பட்டி காட்ட வேண்டும், பள்ளிக்கூடத்துக்குக் கழிவறைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். சின்னச் சின்னச் செலவுகள். அனர்த்த முகாமைத்துவம் என்ற பெரிய சொல்லுக்குள் இவை அடங்குவதாக யாரும் நினைப்பதில்லை.

பிரிவு அளவிலான எச்சரிக்கையைத் தன் வீட்டு அளவுக்கு இறக்கிக்கொள்ள லயத்துக்காரருக்கும் வழி உண்டு. மலை சரிவதற்கு முன் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் சரியும். தரையில் பிறை வடிவ வெடிப்பு. போன வாரம் விரல் நுழையாதது இன்று கை நுழையும். சுவரில் மூலைக்கு மூலை கீறல். நேற்றுவரை மூடிய கதவு இன்று நிலையில் இடிக்கும். மின்கம்பமும் டர்பன்டைன் மரமும் ஒரே பக்கம் சாயும். ஊற்று இல்லாத இடத்தில் திடீரென்று தண்ணீர் கசியும். இருக்கும் ஊற்று கலங்கிச் சேறாக வரும். இதில் மிக மோசமானது, விடாத மழையில் ஊற்றோ ஓடையோ திடீரென்று நின்றுபோவது. தண்ணீர் குறைந்தது என்று நிம்மதியடையக் கூடாது. மேலே எங்கோ மண் சரிந்து அடைத்துக்கொண்டு தேங்குகிறது என்று அர்த்தம். அந்த நிமிடம் ஒன்றும் எடுக்காமல் பக்கவாட்டில் ஓட வேண்டும். கீழ்நோக்கி ஓடினால் மண்ணும் அதே வழியில்தான் வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்வது, தோட்டத் தலைவருக்குச் சொல்வது எல்லாம் பாதுகாப்பான இடத்துக்குப் போன பிறகு.

மழையை அளக்க ஆபீஸ் குழாய் தேவையில்லை. குழந்தைப் பால்மா டின் ஒன்று, வாயும் அடியும் ஒரே அகலமாக இருப்பது, போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் கல் அண்டக்கொடுத்து நிறுத்த வேண்டும். டின் சின்னதா பெரியதா என்பது பிரச்சினை இல்லை. வாய் அகலமானால் விழும் தண்ணீரும் கூடும், அது பரவும் இடமும் கூடும், உயரம் ஒன்றேதான். பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டத்தை உள்ளே இறக்கிப் பார்க்க வேண்டும். ஏழரை சென்டிமீற்றர் மஞ்சள், பத்து செம்மஞ்சள், பதினைந்து சிவப்பு. அடிமட்டத்தின் நுனியில் கோடு தொடங்குவதற்கு முன் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். அதை முதலிலேயே உரசித் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குக் குறைவாகக் காட்டும். மாலை 6 மணிக்கு ஒருமுறை, படுக்கப் போகும்போது ஒருமுறை பார்ப்பது நல்லது. மண்மேடு விழுவதில் மோசமானது தூக்கத்தில் விழுவது.

இத்தனைக்கும் நடுவில் எனக்குத் தீராத ஆதங்கம் கான்களைப் பற்றியது. காட்டை வெட்டிக் கோப்பி போட்டு, கோப்பி நோயில் அழிந்து, 1867க்குப் பிறகு தேயிலை பரவியபோது மலை மொட்டையானது. 5,000 அடிக்கு மேல் காட்டைத் தொடக் கூடாது என்று 1873இலேயே யோசனை வந்ததால் உச்சிகள் மிஞ்சின. கீழே, மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் ஓடைக்குக் கொண்டுபோகத் தோட்டம் கண்டுபிடித்த வழிதான் கான். மலையைக் குறுக்காக வெட்டிச் செல்லும் சின்னக் கான், அது போய் விழும் பெரிய கான். கான் வெட்டு என்று தனியாக ஆள் இருந்தது, நாளுக்குப் பேர் இருந்தது. இப்போது தொழிலாளர் தொகை குறைந்துவிட்டது. இருப்பவர்களைக் கொழுந்துக்கு அனுப்பவே பத்தவில்லை. கொழுந்து எடுத்தால் அன்றே கிலோ தெரியும், கான் வெட்டினால் என்ன தெரியும்? ஒன்றும் நடக்காமல் போகும். அதை நிறுக்கத் தராசு இல்லை. கைவிட்ட மலைகளில் மானாப் புல் மண்டி, கான் தூர்ந்து, தண்ணீர் நின்று மண்ணுக்குள் இறங்குகிறது. பாதை அகலப்படுத்த அடியில் வெட்டுகிறார்கள், மரக்கறித் தோட்டத்துக்காகச் செங்குத்தில் ஏறுகிறார்கள், சரி. ஆனால் தூர்ந்த கானைப் பற்றி அறிக்கைகளில் ஒரு வரிக்கு மேல் நான் கண்டதில்லை.

போன வருடம் எங்கள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பழைய லயத்திலிருந்து கொஞ்சப் பேருக்குத் தனி வீடு கிடைத்திருக்கிறது. இரண்டு அறை, அடுப்படி, குளியலறை, சுவருக்கு இளமஞ்சள். அக்கா மகன் சாவியைக் காட்டிவிட்டு உள்ளே கூட்டிப்போனான். சீலிங் இல்லை, ஆனால் பக்கத்து வீட்டுப் பேச்சுக் கேட்கவில்லை என்று பெருமையாகச் சொன்னான். சரிவில் வீடு கட்ட மட்டம் வேண்டும், மட்டத்துக்குப் பெக்கோ என்ற மண்வெட்டும் இயந்திரம் வந்து வெட்டியிருக்கிறது. பின்கதவைத் திறந்தால் மூன்றடியில், என் தலைக்கு மேல் உயரத்தில், பல்லுத் தடம் அப்படியே தெரியும் செம்மண் சுவர். அடியில் தண்ணீர் போக ஒரு கோடுகூட இழுக்கவில்லை.

"மாமா, இதுல ஒரு தகரம் எறக்குனா வெறகு போட நல்ல எடம்" என்றான்.

கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மேட்டின் அடியில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நசுக்கி, ஈரம் எவ்வளவு என்று பார்த்தார். பிறகு அவனிடம் மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டார்.